பழத்தைக் காப்போம்: வீட்டிலேயே பழம் உலர்த்தக் கற்போம்



இந்த மாதப் பாடத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கத்தி, ஒரு வெட்டும் பலகை, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு எலுமிச்சை இவையும் வேண்டும். நம் இளைஞர் மன்றத்தின் ஞாயிறு வகுப்பில் நான் இரண்டு பழக்காலமாக நடத்தி வரும் பாடம் இது. வகுப்புக்கு வர முடியாதவர்களும் வீட்டில் செய்து பார்க்கட்டும் என்று எழுதித் தருகிறேன். படித்துவிட்டு அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். ஒரு தடவையாவது கை வைத்துச் செய்து பாருங்கள்.

1. இந்தப் பாடம் எதற்கு?

தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லியில் அன்னத்தைப் பற்றி மூன்று விரதங்கள் வருகின்றன. உணவை இகழாமல் இருப்பது ஒன்று. உணவை ஒதுக்கித் தள்ளாமல் இருப்பது இரண்டு. உணவைப் பெருக்குவது மூன்று. நாம் விரதம் என்றால் சாப்பிடாமல் இருப்பது என்றுதான் நினைக்கிறோம். சாப்பாட்டை எப்படி நடத்துகிறோம் என்பதும் விரதம்தான்.

இப்போது நம் வீட்டையும் கோயிலையும் பாருங்கள். ஜூன், ஜூலையில் மலாக்காவில் பழக்காலம். செம்படாக், ரம்புத்தான், டுக்கு, மாம்பழம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். முதல் வாரம் சண்டை போட்டுச் சாப்பிடுவோம். மூன்றாவது வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம், ஈ மொய்க்கும். கோயிலில் திருவிழா முடிந்த மறுநாள் இன்னும் மோசம். அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைப்பழம் சீப்புச் சீப்பாகக் கறுத்துப் போய்க் கிடக்கும். கடைசியில் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டிக்குப் போகும். காலையில் கையெடுத்துக் கும்பிட்ட பழம் அது.

இதற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே நாளில் வந்து சேரும் பழத்தை ஒரே நாளில் யாராலும் தின்று தீர்க்க முடியாது. தேவை ஒரு வழி. அந்த வழி நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வழிதான்.

2. புது மிஷின், பழைய வித்தை

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வற்றல், வடகம், மோர் மிளகாய், மாங்காய் வற்றல் எல்லாம் பாயில் காயும். காக்கை விரட்டுவது பிள்ளைகளின் வேலை. மழை தூறினால் வீட்டிலிருக்கும் எல்லாரும் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டுவார்கள். கறிக்குப் புளிப்புக்குப் போடும் அசாம் கெப்பிங் கூடப் பழத்தை மெல்லிசாகச் சீவி வெயிலில் காய வைத்ததுதான். நம் அடுப்படியில் அது எப்போதும் இருக்கிறது, ஆனால் உலர்பழம் என்று நாம் நினைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தின் களியைப் பிழிந்து பாயில் மெல்லிய படலமாகப் பூசி, காயக் காய அடுக்கடுக்காகப் பூசி, பனாட்டு என்று எடுத்து வைப்பார்கள். மும்பைக்கு வடக்கே வசாய் பகுதியில் ஒரு வகை வாழைப்பழத்தைக் காய வைத்து சுகேளி என்று விற்கிறார்கள். வாழைக்கென்றே திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் இந்திய அரசின் தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வாழையை வைத்து என்னென்ன செய்யலாம் என்பது அங்கே ஒரு முழுநேரப் படிப்பு.

பழனி பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், உலர் திராட்சை, ஏலக்காய். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்திலேயே பக்தர்கள் அதைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஏன் கெடவில்லை? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியில் பதில் வருகிறது.

நம் மலாக்காவுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். காஜா பெராங் கம்போங் செட்டியில் வாழும் மலாக்கா செட்டிகள், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் இங்கே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். வீட்டுப் பேச்சு மலாய் கலந்தது, வழிபாடு சைவம். ஜாலான் துக்காங் எமாஸில் 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. பொங்கலுக்கு முந்திய போகியில் முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சு ஒன்று. ஆண்டின் நடுவில் பழக்காலம் வந்ததும், அந்தப் பருவப் பழங்களை முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சு இன்னொன்று. விளைந்ததில் முதல் பங்கு போனவர்களுக்கு, பிறகுதான் இருப்பவர்களுக்கு. பழத்துக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதை இருக்கிறது.

3. பழம் ஏன் கெடுகிறது, காய்ந்தால் ஏன் கெடுவதில்லை?

தோல் உரித்த வாழைப்பழத்தில் ஏறக்குறைய 75 விழுக்காடு தண்ணீர். பலாச்சுளையில் 73. மாம்பழத்தில் 83. அன்னாசியில் 86. பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா எல்லாவற்றுக்கும் உயிர் வாழ இந்தத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் அவை பெருகாது.

ஆனால் எல்லாத் தண்ணீரும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. சர்க்கரையோடு ஒட்டிக்கொண்ட தண்ணீரைக் கிருமியால் உறிஞ்ச முடியாது. கிருமிக்குக் கிடைக்கிற தண்ணீரின் அளவை விஞ்ஞானிகள் நீர்ச்செயல்பாடு என்று 0-விலிருந்து 1 வரை அளக்கிறார்கள். சுத்தத் தண்ணீர் 1. அது 0.85-க்குக் கீழே போனால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். 0.6-க்குக் கீழே எந்தப் பூஞ்சையும் வளராது. பஞ்சாமிர்தத்தின் ரகசியம் இதுதான். சர்க்கரையும் தேனும் பழத்தின் தண்ணீரைக் கட்டிப் போட்டுவிடுகின்றன. உலர்பழத்திலும் அதே கதை. தண்ணீர் குறையக் குறையப் பழத்தின் சொந்தச் சர்க்கரை செறிந்து, மிச்சத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பழத்தை அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆக்க வேண்டியதில்லை. தோல் போல வளைகிற பதம், அதாவது 20 விழுக்காடு ஈரம் அல்லது அதற்குக் கீழே, போதும்.

"அப்ப வெயில்லயே போட்டுடலாமே அக்கா, மிஷின் எதுக்கு?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. வெயிலில் பழம் காய வேண்டுமானால் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது நடக்கும். மலாக்காவில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80-ஐ ஒட்டி இருக்கிறது, சாயங்காலம் மழை வேறு. புளிப்பும் உப்பும் காரமும் உள்ளவை மெதுவாகக் காய்ந்தாலும் தாங்கும். இனிப்பான வாழைப்பழம் தாங்காது, காய்வதற்குள் புளித்துவிடும்.

உலர்த்தி என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் நம் அடுப்படிக் காற்றை 57 டிகிரிக்குச் சூடாக்குங்கள். காற்றில் இருக்கும் தண்ணீர் அதேதான். ஆனால் சூடான காற்று நான்கு மடங்கு தண்ணீரைத் தாங்கும். எனவே அதன் ஈரப்பதம் 80-லிருந்து 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. பாலைவனக் காற்று மாதிரி. அந்தக் காற்றை ஒரு சின்ன விசிறி பழத்தின் மேல் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. சூடேற்றும் கம்பி, விசிறி, தட்டுகள், வெப்பக் கட்டுப்பாடு. மிஷினில் இருப்பது இவ்வளவுதான்.

4. செய்முறை

மிஷின் இரண்டு வகை. அடியில் விசிறி வைத்து வட்டத் தட்டுகளை அடுக்குவது ஒன்று. இதில் கீழ்த்தட்டு சீக்கிரம் காயும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டுகளை மாற்ற வேண்டும். பெட்டி போல, பின்பக்கம் விசிறி வைத்தது இன்னொன்று. இதில் எல்லாத் தட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காயும். எது வாங்கினாலும் வெப்ப அளவைத் திருகி வைக்கும் வசதி இருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று வாங்காதீர்கள். ஒரு தாமானில் ஐந்து வீட்டுக்கு ஒன்று போதும்.

மின்சாரம் எவ்வளவு? 400 வாட் மிஷின் 10 மணி நேரம் ஓடினால் 4 யூனிட். ஒரு யூனிட் 50 சென் என்று கூடுதலாகவே வைத்தாலும் 2 ரிங்கிட். தட்டு நிறைய வைத்து ஓட்டுங்கள். அரைத் தட்டுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட அதேதான்.

*முதல் படி, தேர்வு.* மஞ்சளாகி லேசாகப் புள்ளி விழுந்த வாழைப்பழம் சரியான பதம். பீசாங் பெராங்கான், ரஸ்தாளி, பீசாங் மாஸ் எதுவும் சரி. தோல் வெடித்தது, கசிந்தது, நாற்றம் மாறியது வேண்டாம். கெட்டதை உலர்த்தினால் உலர்ந்த கெட்டதுதான் கிடைக்கும்.

*இரண்டாம் படி, சுத்தம்.* கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழத்தை உரிப்பதற்கு முன் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கோயில் பழமானால் திருநீறு, குங்குமம், எண்ணெய் பட்டிருக்கும், கட்டாயம் கழுவ வேண்டும். கத்தியும் பலகையும் வேறு எதற்கும் தொடாததாக இருக்கட்டும்.

*மூன்றாம் படி, வெட்டு.* எல்லாத் துண்டும் ஒரே தடிமன், 5 அல்லது 6 மில்லிமீட்டர். ஒன்று தடி, ஒன்று மெல்லிசு என்றால் ஒன்று கருகும், ஒன்று ஈரமாக இருக்கும். அவசரமில்லாமல் வெட்டுங்கள், பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

*நான்காம் படி, எலுமிச்சைக் குளியல்.* வெட்டிய வாழைப்பழம் கறுப்பது பழத்தின் நொதியும் காற்றின் ஆக்சிஜனும் சேர்வதால். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து 10 நிமிடத்துக்குள் ஊற வைத்து வடித்துவிடுங்கள். கொஞ்சம் நிறம் மாறத்தான் செய்யும், அதனால் கெடுதல் இல்லை. அன்னாசிக்கு இது தேவையில்லை, அதுவே புளிப்பு.

*ஐந்தாம் படி, அடுக்கு.* துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. நடுவே காற்றுப் போக இடம் வேண்டும்.

*ஆறாம் படி, வெப்பம்.* 57 டிகிரி. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு தம்பி சீக்கிரம் முடிக்கலாமென்று 75-க்குத் திருகிவிட்டான். நான்கு மணி நேரத்தில் பார்க்க நன்றாகக் காய்ந்த மாதிரி இருந்தது. என்ன நடந்தது என்றால், மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகி, உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுப் போனது. டப்பாவில் போட்டு மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. நெருப்பைக் கூட்டினால் நேரம் குறையும் என்பது சோற்றுக்குச் சரி, பழத்துக்குச் சரிவராது.

நேரம் பழத்தைப் பொறுத்தது. வாழைப்பழம், மாம்பழம் 8 முதல் 12 மணி. பலாச்சுளை 8 முதல் 14. அன்னாசி 12 முதல் 18 வரை போகும். மழை நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். மிஷினைச் சன்னல் திறந்த இடத்தில் வையுங்கள். ஒரு கிலோ பழத்திலிருந்து வெளியேறும் முக்கால் கிலோ தண்ணீர் அந்த அறைக் காற்றில்தான் கலக்கிறது. துணி காயப்போட்ட அறையில் வைத்தால் வேலைக்கு ஆகாது.

*ஏழாம் படி, பதம் பார்த்தல்.* சூட்டில் எல்லாமே மெத்தென்று இருக்கும். ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டுப் பாருங்கள். மடித்தால் ஒட்டக்கூடாது. கிள்ளிப் பிழிந்தால் ஈரம் கசியக்கூடாது.

தராசு இருந்தால் இன்னும் நிச்சயம். உரித்து வெட்டிய வாழைப்பழம் 1 கிலோ. அதில் தண்ணீர் 750 கிராம், மிச்சம் சத்து 250 கிராம். கடைசியில் 20 விழுக்காடு ஈரம் வேண்டுமென்றால் 250 கிராம் என்பது 80 விழுக்காடாக இருக்க வேண்டும். 250-ஐ 0.8-ஆல் வகுத்தால் 312. தராசில் 312 கிராமோ அதற்குக் கீழோ வந்தால் முடிந்தது. இதே கணக்கில் மாம்பழம் 212, அன்னாசி 175 கிராம். கணக்கில் ஆர்வமுள்ள தங்கைகள் பலாச்சுளைக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

*எட்டாம் படி, ஒரு வாரக் காவல்.* பலரும் விட்டுவிடுகிற படி இது. எல்லாத் துண்டும் ஒரே அளவு காய்ந்திருக்காது. ஆறியதும் உடனே, வெளியே விட்டு வைக்காமல், கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி இறுக மூடுங்கள். 7 முதல் 10 நாள் வரை தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். ஈரமுள்ள துண்டிலிருந்து காய்ந்த துண்டுக்கு ஈரம் பகிர்ந்துகொள்ளும். ஜாடிச் சுவரில் ஆவி பூத்தால் மறுபடியும் மிஷினில் போடுங்கள். பூஞ்சை ஒன்றில் தெரிந்தாலும் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். "இந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டா போதும்ல?" என்று கேட்கக்கூடாது. போதாது. பூஞ்சையின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

கடைசியில் 48 மணி நேரம் ஃபிரீசரில், −18 டிகிரியில், வைத்து எடுத்தால் பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும். பிறகு சின்னச் சின்னப் பொட்டலமாக, இருட்டான இடத்தில். நம் ஊர் வெப்பத்தில் ஆறு மாதம் என்று கணக்கு வையுங்கள். பொட்டலத்தின் மேல் தேதி எழுதுங்கள்.

5. எது வேண்டாம்?

டுரியான் வேண்டாம். கொழுப்பு அதிகம், காய்ந்தபின் சிக்கு வாடை அடிக்கும், மிஷினில் ஏறிய வாசனையும் போகாது. அதைச் சர்க்கரையோடு கிண்டி லெம்போக் ஆக்குவதுதான் இந்த ஊர்ப் பழைய வழி. ரம்புத்தானும் டுக்குவும் சாறு நிறைந்தவை, கொட்டை பிரிப்பது பெரும்பாடு, புதியவர்கள் தொட வேண்டாம். செம்படாக் கொழகொழவென்று நாராக இருப்பதால் துண்டாகக் காயாது. சதையை மசித்து, தட்டில் காகிதம் விரித்து மெல்லிசாகப் பரப்பிப் பனாட்டு மாதிரி எடுங்கள். கொட்டையை உப்புப் போட்டு அவித்துச் சாப்பிடுங்கள், எறிய ஒன்றுமில்லை.

6. பழம்தானே என்று நினைக்காதீர்கள்

இந்தப் பகுதியை உங்கள் அம்மா அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இதைப் படிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும், அல்லது பக்கத்து வீட்டிலும், ஊசியோ மாத்திரையோ இருக்கிறது.

உலர்த்தும்போது போவது தண்ணீர் மட்டும்தான், கூடவே வைட்டமின் சி பெருமளவு. சர்க்கரை அப்படியே இருக்கும். உரித்த வாழைப்பழம் 100 கிராமில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து சுமார் 23 கிராம். அது காய்ந்து 31 கிராம் ஆனாலும் அதே 23 கிராம். முழுப் பழமாக ஒருவர் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சாப்பிடுவார். உலர்ந்ததைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே 100 கிராம் தின்றால் மூன்று பழத்துக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. வயிறும் சொல்லாது, வாயும் சொல்லாது. வகுப்புப் பிள்ளை ஒருவரின் தாயார், "சீனி போடாதது, வெறும் பழந்தானே" என்று உலர்ந்த மாம்பழம் ஒரு பொட்டலத்தை ஒரே மாலையில் முடித்துவிட்டு, மறுநாள் காலையில் அளந்த சர்க்கரையைப் பார்த்துப் பயந்துபோனார். பிள்ளை அன்பாகச் செய்து கொடுத்ததுதான். அன்போடு அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே நம் மன்றத்தின் பொட்டலம் 30 கிராம். ஒரு கைப்பிடி, ஒரு பழம். பெரிய டப்பாவை மேசையில் வைக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரையோ உணவியலாளரையோ கேட்டு, அன்றைய சோற்றின் அளவில் கழித்துக்கொண்டு சாப்பிடட்டும். மேலே சீனி தூவுவது, தேனில் முக்குவது யாருக்கும் தேவையில்லை.

7. ஒரு பலா மரம்

ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்தார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தியின் பாட்டி ஐம்பது வருடம் அங்கே பால்மரம் வெட்டியவர். இப்போது பட்டணத்தில், மூன்றாவது மாடியில், மகன் வீட்டில் இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் அவர் நட்ட பலா மரம் மட்டும் நின்றது. மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்தத் தங்கையும் அண்ணனும் அனுமதி கேட்டுப் போய், பழுத்திருந்த இரண்டு பழங்களைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் தடவிய கத்தியால் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்து சுளை எடுத்தோம். இரண்டு நாள் மிஷின் ஓடியது.

அடுத்த மாதம் மரம் போய்விட்டது. தீபாவளிக்கு அந்தப் பாட்டி, முதலில் தாத்தா படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் அந்தச் சுளைகளை வைத்துக் கும்பிட்டாராம். பிறகு பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாராம். அவருக்கும் சர்க்கரை உண்டு. "ரெண்டு போதும்மா, ருசி தெரிஞ்சா சரி" என்றாராம்.

பழத்தைக் காப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

8. கோயிலிலும் வெளியிலும்

கோயில் பழத்தை எடுப்பதற்கு முன் நிர்வாகத்தையும் குருக்களையும் கேளுங்கள். பிரசாதமாகக் கொடுத்து மிஞ்சியது எது, எடுக்கலாமா, எப்படிக் கொடுக்கலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். எடுப்பது தோல் உரிக்காத முழுப் பழம் மட்டும். வெட்டி வைத்த பழம், பாலும் தயிரும் பட்டது, பஞ்சாமிர்தம் எதுவும் வேண்டாம். அன்றே எடுங்கள், மூன்று நாள் கழித்து அல்ல.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும் பக்தர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், இனிப்பு நீரோடு 30 கிராம் பொட்டலம் ஒன்று கொடுக்கலாம். தைப்பொங்கலுக்கு முதியோர் இல்லத்துக்குப் போகும்போது எடுத்துப் போகலாம், அங்கே யார் யாருக்கு நீரிழிவு என்று கேட்டுவிட்டு.

விற்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாலு பேருக்குக் கொடுப்பது வேறு, பாசார் மாலாமில் விற்பது வேறு. 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். 1985 உணவு விதிமுறைகளின்படி பொட்டலத்தில் பொருளின் பெயர், எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, காலாவதித் தேதி முதலியவை இருக்க வேண்டும். இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். முகம் தெரியாத ஒருவர் நம்மை நம்பி வாயில் போடுகிறார், அந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் மரியாதை இது.

9. வகுப்பில் வந்த கேள்விகள்

*"ஓவன்ல செய்யலாமா அக்கா?"* குறைந்த வெப்பம் 60-ஐ ஒட்டி வைக்க முடிந்தால், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துச் செய்யலாம். ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து.

*"கடையில வாங்குறது மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்கு?"* பலவற்றில் நிறம் மாறாமல் இருக்கக் கந்தக டைஆக்சைடு சேர்க்கிறார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வீட்டில் நமக்கு அது வேண்டாம். பழுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

*"விரத நாளில் சாப்பிடலாமா?"* திராட்சையும் பேரீச்சையும் காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே, அதே இனம்தான். உங்கள் வீட்டு வழக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. கலந்து பேச, செய்து பார்க்க

1. போன வாரம் உங்கள் வீட்டில் எறியப்பட்ட பழம் எவ்வளவு? எடை போட்டு எழுதுங்கள்.
2. பிருகுவல்லி சொல்லும் மூன்று விரதங்களில் நம் கோயிலில் எது குறைவாகக் கடைப்பிடிக்கப்படுகிறது? என்ன செய்யலாம்?
3. உங்கள் பாட்டி அல்லது பெரியம்மா ஒருவரிடம், தோட்டத்தில் எதை எப்படிக் காய வைத்தார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வாருங்கள்.
4. ஒரு கிலோ வாழைப்பழம் உலர்த்துங்கள். ஆரம்ப எடை, கடைசி எடை, நேரம், பத்து நாள் ஜாடிக் குறிப்பு, நான்கையும் எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரும்போது ஜாடியோடு வாருங்கள். ஆளுக்கு இரண்டு துண்டு ருசி பார்த்து, யாருடையது நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று தராசில் சொல்லிவிடலாம்.